ஹம்மன்ஸ்க்ரால் தண்ணி: தப்பு குழாய்ல இல்ல, ஆத்தோட மேல்பக்கம் இருந்துச்சு

2023 மே 21, ஞாயித்துக்கிழமை, சவுத் ஆப்பிரிக்காவுல கவுடெங் மாகாண சுகாதாரத்துறை ஒரு அறிவிப்பு விட்டாங்க. ஹம்மன்ஸ்க்ரால்ல இருக்குற ஜுபிலி ஆஸ்பத்திரிக்கு வாந்தி, பேதின்னு 95 பேர் வந்திருக்காங்க, 37 பேர் அட்மிட், 10 பேர் செத்துட்டாங்க, அதுல ஒன்பது பேர் பெரியவங்க, ஒண்ணு மூணு வயசுக் குழந்தை. காலரா. அடுத்த சில வாரத்துல அந்த ஊர்ல மட்டும் சாவு 20-ஐத் தாண்டிருச்சு, அந்த வருஷ அலை முடியறப்போ நாடு முழுக்க 47 பேர் போயிட்டாங்க.

அந்த நேரத்துல நம்ம தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஓடுனது ஒரே ஒரு மெசேஜ்தான், காலரா வந்திருக்கு, தண்ணிய கொதிக்க வச்சுக் குடிங்கன்னு. தப்பான மெசேஜ் கிடையாது. ஆனா ரெண்டு வாரத்துல அதுவும் நின்னு போச்சு, அதோட விஷயமும் முடிஞ்ச மாதிரி ஆயிருச்சு. நான் இங்க பிரிட்டோரியாவுல ஒரு தனியார் லேப்ல தண்ணி சாம்பிள் பாக்குற வேலையில இருக்கேன், அதனால எனக்கு அது அப்படி முடியல. இந்தக் கதை 2023-ல ஆரம்பிக்கவே இல்ல, அதை முழுசா ஒரு தடவை தமிழ்ல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

முதல்ல ஊர் எங்க இருக்குன்னு பாத்துருவோம். ஹம்மன்ஸ்க்ரால் பிரிட்டோரியாவுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். பக்கத்துலயே டெம்பா, அது அபார்த்தைட்ங்கிற நிறவெறி ஆட்சிக் காலத்துல, கறுப்பின ஜனங்களுக்குன்னு தனியா ஒதுக்குன போபுதட்ஸ்வானாங்கிற 'ஹோம்லேண்ட்'ல இருந்துச்சு, 2000-ல எல்லாத்தையும் சேத்து ட்ஷ்வானே மெட்ரோன்னு ஒரே முனிசிபாலிட்டி ஆக்குனாங்க. அதாவது காகிதத்துல பாத்தா பிரிட்டோரியா தெக்குப் பக்கம் பெரிய வீட்ல இருக்குறவரும் ஹம்மன்ஸ்க்ரால்ல இருக்குறவரும் ஒரே மெட்ரோவுக்குத்தான் பில் கட்டுறாங்க. ஆனா குடிக்குற தண்ணி ஒண்ணு இல்ல. பிரிட்டோரியாவோட பெரும்பகுதிக்கு வர்றது ராண்ட் வாட்டர்ங்கிற அரசு நிறுவனத்தோட தண்ணி, வால் அணையிலேர்ந்து, அதுக்கும் மேல பக்கத்து நாடு லெசோத்தோவோட மலையிலேர்ந்து சுரங்கக் குழாய் வழியா வர்றது. ஹம்மன்ஸ்க்ராலுக்கு வந்துக்கிட்டு இருந்தது டெம்பா பிளான்ட் தண்ணி, அந்த பிளான்ட் எடுக்குறது அப்பிஸ் ஆத்துல லியூக்ரால் அணையிலேர்ந்து.

அப்பிஸ் ஆறு எங்கேர்ந்து வருது? பிரிட்டோரியா நடு ஊருக்குள்ள புகுந்துதான் வடக்கே போகுது. மராபஸ்டாட்ல நம்ம மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க பல பேர் அந்த ஆத்தை கான்கிரீட் வாய்க்காலாத்தான் பாத்திருப்பாங்க, ஆறுன்னே தெரியாது. ஊரைத் தாண்டி வடக்கே போனா ரூய்வால். அங்கதான் ட்ஷ்வானேயோட பெரிய சீவேஜ் பிளான்ட் இருக்கு, மெட்ரோவோட கழிவுநீர்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா அங்கதான் போகுது. அது சுத்தம் பண்ணி விடுற தண்ணி அப்பிஸ் ஆத்துல விழுது, கீழ லியூக்ரால், அங்கேர்ந்து டெம்பா, அங்கேர்ந்து குழாய். இங்க ஃப்ளஷ் பண்ற தண்ணி அங்க டம்ளர்ல வருதுங்கிறது மிகைப்படுத்திச் சொல்றது இல்ல, மேப்பை எடுத்து வச்சுக்கிட்டு விரலால ஆத்தோட போனா நீங்களே பாக்கலாம்.

இப்படி ஒரு ஊர் கழிவை சுத்தம் பண்ணி விட்டு, கீழ இன்னொரு ஊர் அதை எடுத்துக் குடிக்கிறது தன்னால தப்பு கிடையாது. உலகத்துல பெரிய ஆறு எல்லாத்துலயும் அப்படித்தான். ஒரே ஒரு கண்டிஷன், மேல இருக்குற பிளான்ட் ஒழுங்கா வேலை செய்யணும். ரூய்வால் செய்யல. ஊர் பெருகிருச்சு, வர்ற கழிவு பிளான்ட்டோட கொள்ளளவைத் தாண்டிருச்சு, மோட்டார் போனா மாத்துறதில்ல, தேங்குற சேறை எடுக்குறதில்ல, பாதி சுத்தம் ஆனதும் ஆகாததும் ஆத்துக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. இது ஒரு நாள் ராத்திரி நடந்த விபத்து இல்ல, பல வருஷமா அதிகாரிகளுக்குத் தெரிஞ்சே ஓடிக்கிட்டு இருந்த விஷயம்.

இங்க கொஞ்சம் கெமிஸ்ட்ரி சொல்லியே ஆகணும், ஏன்னா இந்த இடத்துலதான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. "ஆத்துத் தண்ணி அழுக்கா இருந்தா என்ன, குடிதண்ணி பிளான்ட்ல சுத்தம் பண்ணிருவாங்கல்ல"ன்னு கேப்பாங்க. டெம்பா மாதிரி சாதாரண பிளான்ட் என்ன செய்யும்? படிகாரம் மாதிரி ஒண்ணைப் போட்டு கலங்கலைத் திரட்டும், தேங்க வச்சு அடியில தங்க விடும், மணல்ல வடிகட்டும், கடைசியா குளோரின் போடும். கலங்கலுக்கும் கிருமிக்கும் இது நல்ல முறை, நூறு வருஷத்துக்கு மேல உயிரைக் காப்பாத்துன முறை. ஆனா இது ஆத்துத் தண்ணிக்குன்னு கட்டுனது. பாதி வெந்த சாக்கடைத் தண்ணிக்குன்னு கட்டுனது இல்ல.

சாக்கடைத் தண்ணியில அமோனியா இருக்கும், நம்ம மூத்திரத்துலேர்ந்து வர்றது. குளோரினைக் கொண்டுபோய் அந்தத் தண்ணியில போட்டா அது கிருமியைத் தேடிப் போறதுக்கு முன்னாடி அமோனியாவோட சேந்து குளோரமின் ஆயிரும், குளோரமினுக்குக் கிருமியைக் கொல்ற வேகம் ரொம்பக் கம்மி. ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனை முழுசா தீத்துட்டு அதுக்கு மேல உபரியா குளோரின் நிக்கணும்னா நடைமுறையில எட்டுலேர்ந்து பத்து பங்கு குளோரின் வேணும். ஆத்துல அமோனியா ஒரு நாள் கம்மி, ஒரு நாள் அதிகம்னு ஏறி இறங்கிக்கிட்டே இருந்தா பிளான்ட்ல இருக்குற ஆபரேட்டர் எவ்வளவு குளோரின் போடுவாரு சொல்லுங்க? நேத்து போட்ட அளவு இன்னிக்குப் பத்தாது. அவர் மேல பழியப் போடுறது சுலபம், ஆனா அவர் கையில குடுத்த தண்ணியே அப்படி. இதுக்கு நடுவுல 2022, 2023-ல லோட்ஷெட்டிங், மணிக்கணக்கா கரன்ட் போறப்போ பம்ப் நிக்கும், பைப்ல பிரஷர் விழும், எங்கயாவது பைப்ல ஓட்டை இருந்தா வெளிய இருக்குற அழுக்குத் தண்ணி உள்ள இழுத்துக்கும்.

அடுத்தது நைட்ரேட். கழிவுல இருக்குற நைட்ரஜன் கடைசியில நைட்ரேட்டா மாறி தண்ணியில கரைஞ்சு நிக்கும். படிகாரம் அதைப் பிடிக்காது, மணல் பிடிக்காது, குளோரின் ஒண்ணும் பண்ணாது. சவுத் ஆப்பிரிக்காவோட குடிதண்ணி தரம் சான்ஸ் 241, அதுல நைட்ரேட்டுக்கு நைட்ரஜன் கணக்குல லிட்டருக்கு 11 மில்லிகிராம்தான் எல்லை. அதைத் தாண்டுனா பெரியவங்களை விட ஆறு மாசத்துக்குள்ள இருக்குற பச்சக் குழந்தைங்களுக்குத்தான் ஆபத்து, பால் பவுடரை அந்தத் தண்ணியில கலக்குவாங்க, குழந்தையோட ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்குற சக்தியை இழந்துரும், உதடு, நகம் எல்லாம் நீலமாகும். பிரிட்டோரியாவுல நம்மாளுங்க நிறைய இருக்குற லாடியத்துல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆன்ட்டி இருக்காங்க, டர்பன் பக்கம் டோங்காட்ல பொறந்து கல்யாணம் ஆகி இங்க வந்தவங்க, இன்னும் நல்லா தமிழ் பேசுவாங்க. அவங்க வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு ஹம்மன்ஸ்க்ரால், அதுக்குக் கைக்குழந்தை. ஆன்ட்டி என்கிட்ட கேட்டாங்க, "கண்ணு, நல்லா பத்து நிமிஷம் கொதிக்க வச்சுக் குடுன்னு சொல்லியிருக்கேன், போதும்ல?" நான் சொன்னேன், காலராவுக்குப் போதும் ஆன்ட்டி, ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிச்சாலே கிருமி செத்துரும், ஆனா நைட்ரேட் இருந்தா அது கொதிக்கக் கொதிக்க இன்னும் கெட்டியாத்தான் ஆகும், தண்ணி ஆவியாப் போகும், நைட்ரேட் போகாது. அவங்க முகம் விழுந்துருச்சு. "அப்ப நான் நல்லது சொல்றேன்னு நினைச்சு..."ன்னு நிறுத்திட்டாங்க. அவங்க மேல என்ன தப்பு? குடிதண்ணியில என்ன இருக்குன்னு அந்தப் பொண்ணுக்கு யாரு எழுதிக் குடுத்தாங்க?

சட்டப்படி எழுதிக் குடுக்கணும், அதுதான் விஷயம். 1997-ல வந்த வாட்டர் சர்வீசஸ் ஆக்ட், அதுக்குக் கீழ 2001-ல வந்த விதிகள், ரெண்டையும் சேத்துப் பாத்தா முனிசிபாலிட்டி தண்ணியை ஒழுங்கா சாம்பிள் எடுத்துப் பாக்கணும், உடம்புக்கு ஆபத்துன்னு ரிசல்ட் வந்தா தண்ணித் துறைக்கும் மாகாண சுகாதாரத்துறைக்கும் சொல்லணும், குடிக்கிற ஜனங்களுக்கும் சொல்லணும். அரசியல் சாசனம் 27-வது பிரிவு போதுமான தண்ணி உரிமைன்னு சொல்லுது, 24-வது பிரிவு உடம்பைக் கெடுக்காத சுற்றுச்சூழல் உரிமைன்னு சொல்லுது. 1998 நேஷனல் வாட்டர் ஆக்ட்படி சட்டத்துக்குப் புறம்பா கழிவை விட்டு ஆத்தைக் கெடுக்குறது கிரிமினல் குத்தம், அதைப் பண்றது முனிசிபாலிட்டியா இருந்தாலும்.

2019-ல தண்ணி நிறம் மாறுது, நாத்தம் அடிக்குது, வயிறு கெடுதுன்னு ஜனங்க கத்துன பிறகு மனித உரிமை கமிஷன் உள்ள வந்துச்சு, இந்த நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர் டெஸ்ட் பண்ணாங்க, தண்ணி குடிக்க லாயக்கில்லன்னு வந்துச்சு. அப்போலேர்ந்து குழாய்த் தண்ணிய குடிக்காதீங்க, குளிக்கத் துவைக்க மட்டும் வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு டேங்கர் அனுப்ப ஆரம்பிச்சாங்க. கமிஷன் விசாரிச்சு 2021-ல ரிப்போர்ட் போட்டாங்க, ரூய்வால் கழிவால ஜனங்களோட உரிமை மீறப்பட்டிருக்குன்னு அதுல தெளிவா இருக்கு. ஆக காலரா வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எல்லாம் எழுத்துல இருந்துச்சு. என்ன கெட்டிருக்கு, எங்க கெட்டிருக்கு, யாரு பொறுப்பு, மூணும்.

அப்ப ஏன் சரி பண்ணல? பணம் ஒதுக்குனாங்க. 2019-ல ரூய்வாலோட முதல் கட்ட சீரமைப்புக்கு கிட்டத்தட்ட 300 மில்லியன் ராண்டுக்கு ஒரு கூட்டு நிறுவனத்துக்கு டெண்டர் குடுத்தாங்க. வேலை இழுத்துச்சு, 2022-ல முடியாமலே கான்ட்ராக்டை ரத்து பண்ணாங்க. அந்தக் கம்பெனிகளுக்கு இந்த மாதிரி வேலைக்கு அனுபவம் இருந்துச்சா, டெண்டர் எப்படிக் கிடைச்சுதுன்னு பேப்பர்ல நாள் கணக்கா வந்துச்சு, இங்க இருக்குறவங்களுக்கு அந்தப் பேரெல்லாம் மனப்பாடம். பிறகு முழு சீரமைப்புக்கு 4 பில்லியன் ராண்ட் அளவுல வேணும்னு கணக்கு சொன்னாங்க. என்னைக் கேட்டா ஊழலைப் பத்திக் கோபப்படுறது நியாயம்தான், ஆனா அதோட நின்னுடக் கூடாது. டெண்டருக்கு முன்னாடி பல வருஷம் சின்னச் சின்ன மெயின்டனன்ஸ் பண்ணாம விட்டதுதான் மூல வியாதி. பம்ப் ஒண்ணு போச்சுன்னா அன்னிக்கே மாத்தியிருந்தா பில்லியன் கணக்குல ஒரு டெண்டருக்கே தேவை வந்திருக்காது. சின்ன ரிப்பேரை யாரும் ரிப்பன் வெட்டித் திறக்க முடியாது, அதனால அது பட்ஜெட்ல கடைசிக்குப் போயிருது.

இன்னொண்ணு சொல்றேன், இது பல பேருக்குத் தெரியாது. இந்த நாட்ல குடிதண்ணிக்கு ப்ளூ டிராப்னும் கழிவுநீருக்கு கிரீன் டிராப்னும் ஒரு மார்க் சிஸ்டம் இருக்கு, ஒவ்வொரு முனிசிபாலிட்டிக்கும் மார்க் போட்டு வெளியிடுவாங்க, நல்ல சிஸ்டம். கிரீன் டிராப் 2013-க்கு அப்புறம் 2022-லதான் மறுபடி வந்துச்சு. ப்ளூ டிராப் முழு ரிப்போர்ட் 2014-க்கு அப்புறம் 2023 டிசம்பர்லதான். நடுவுல ஒன்பது வருஷம் ஸ்கூல்ல ரிப்போர்ட் கார்டே குடுக்காம விட்ட மாதிரி. மறுபடி மார்க் போட்டுப் பாத்தா, முனிசிபாலிட்டி கழிவுநீர் சிஸ்டத்துல 334, அதாவது 39 சதவீதம் படுமோசம்னு 2022-ல வந்துச்சு. 2023 ப்ளூ டிராப்ல குடிதண்ணி சிஸ்டம் 958-ல கிருமி விஷயத்துல 46 சதவீதம் தேறல. கவுடெங் மாகாணம் மொத்தத்துல நல்ல மார்க்தான், ராண்ட் வாட்டர் புண்ணியத்துல. ஆனா சராசரியப் பாத்து சந்தோஷப்பட்டா அந்த சராசரிக்குள்ள ஹம்மன்ஸ்க்ராலும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும்.

சரி, காலரா எப்படி வந்துச்சு? இதை நேர்மையா சொல்லணும். 2022-லேர்ந்து மலாவியில பயங்கரமான காலரா, 1,700 பேருக்கு மேல செத்தாங்க, அந்த நாட்டு வரலாத்துலயே அதுதான் மோசம். சவுத் ஆப்பிரிக்காவுல முதல் கேஸ் 2023 பிப்ரவரியில, மலாவி போய்ட்டு வந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேர். ஹம்மன்ஸ்க்ரால்ல மே மாசம் வெடிச்சப்போ குழாய்த் தண்ணி சாம்பிள்ல காலரா கிருமி கிடைக்கலன்னு ட்ஷ்வானே சொன்னாங்க. சில பேர் இதை வச்சுக்கிட்டு "பாத்தீங்களா, தண்ணி மேல தப்பில்ல"ன்னு பேசுனாங்க. எனக்கு இது சுத்தமா ஒத்துக்க முடியல. முதல் காரணம், சாம்பிள் எடுத்தது ஜனங்க நோயில விழுந்த பிறகு, ஒரு பைப்ல ஒரு நாள் வந்துட்டுப் போன கிருமியை பத்து நாள் கழிச்சு அதே பைப்ல தேடுனா கிடைக்கணும்னு அவசியமே இல்ல. ரெண்டாவதுதான் முக்கியம். நாலு வருஷமா குழாயை நம்பாதேன்னு சொல்லி வச்ச ஊர்ல ஜனங்க என்ன குடிச்சிருப்பாங்க? டேங்கர் தண்ணி, பக்கத்து வீட்டு போர் தண்ணி, வாளியில புடிச்சு வச்ச தண்ணி, டேங்கர் வராத நாள்ல வேற வழியில்லாம அதே குழாய். கிருமி மலாவியிலேர்ந்து வந்திருக்கலாம், யாரோட வயித்துல வேணா வந்திருக்கலாம். வந்த கிருமி பரவாம நிக்கணும்னா நல்ல கக்கூஸ், நல்ல சாக்கடை, நல்ல குடிதண்ணி மூணும் வேணும். ஹம்மன்ஸ்க்ரால்ல மூணுலயும் ஓட்டை. ஜோஹன்னஸ்பர்க்லயும் கேஸ் வந்துச்சு, ஆனா இந்த மாதிரி கொத்துக் கொத்தா சாகல.

டேங்கரைப் பத்தி தனியா சொல்லணும். நம்ம சென்னைக்காரங்களுக்கு தண்ணி லாரி பழகுன விஷயம், அதுல என்ன ஆபத்துன்னு தோணாது. பிளான்ட்லேர்ந்து ஏத்துறப்போ தண்ணி சுத்தமா இருக்கலாம், குளோரினும் இருக்கும். ஆனா டேங்கரோட உள்பக்கம் கடைசியா எப்போ கழுவுனாங்க? அந்த ஹோஸை ரோட்ல போட்டு இழுத்துட்டு அப்படியே ஜோஜோன்னு சொல்ற பிளாஸ்டிக் டேங்க்ல விடுறாங்களே? வெயில்ல நிக்குற பிளாஸ்டிக் டேங்க்ல குளோரின் ரெண்டு மூணு நாள்ல காணாமப் போயிரும், அப்புறம் மூடி இல்லாத வாளி, அதுல கையோட டம்ளரை விட்டு மொள்றது. ஒவ்வொரு கை மாறுறப்பவும் ஆபத்து கூடும். அதுக்கு மேல டேங்கர் ஒரு வியாபாரம், பைப்ல நல்ல தண்ணி வந்துட்டா அந்த வியாபாரம் படுத்துரும், அதனாலதான் இங்க அரசாங்கத்துல இருக்குறவங்களே வாட்டர் டேங்கர் மாஃபியான்னு வெளிப்படையா பேசுறாங்க. அவசரத்துக்கு டேங்கர் வேணும், நான் மறுக்கல. வருஷக்கணக்கா டேங்கர்னா அது அவசரம் கிடையாது, பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறது.

ஹம்மன்ஸ்க்ரால் தனி ஒரு சம்பவம்னு நினைச்சுராதீங்க. எம்புமலாங்கா மாகாணத்துல டெல்மாஸ்னு ஒரு சின்ன ஊர், டோலமைட் பாறைக்குள்ள போர் போட்டுத் தண்ணி எடுத்தாங்க. அந்தப் பாறை ஓட்டையும் பொந்துமா இருக்கும், மேல விடுற கழிவு வடிகட்டாம நேரா கீழ இறங்கிரும். 1993-ல டைபாய்டு வந்துச்சு, பாடம் படிச்சிருக்கணும், 2005-ல அதே ஊர்ல மறுபடி டைபாய்டு, நூத்துக்கணக்குல. 2014-ல நார்த் வெஸ்ட் மாகாணத்துல ப்ளூம்ஹோஃப், அங்க குடிதண்ணியில கழிவு கலந்து மூணு பச்சக் குழந்தைங்க செத்துச்சு, நூத்துக்கணக்கான பேருக்கு பேதி. எல்லாம் சின்ன ஊரு, கறுப்பின ஏழை ஜனங்க, பேப்பர்ல ரெண்டு வாரம் வரும், மந்திரி வருவாரு, போவாரு.

நம்மாளுங்களுக்கு இதுல என்னன்னு கேப்பீங்க. 2022 ஏப்ரல்ல டர்பன் பக்கம் வெள்ளம் வந்துச்சுல்ல, டோங்காட் தண்ணி பிளான்ட்டை அப்படியே அடிச்சுட்டுப் போச்சு. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்ம தாத்தா பாட்டிங்க வேர் விட்ட ஊரு அது, மாசக்கணக்கா குழாய் காஞ்சு கிடந்துச்சு. அதே வெள்ளத்துல சாக்கடை பம்ப் எல்லாம் உடைஞ்சு டர்பன் பீச்சையே இ.கோலைங்கிற மலக்கிருமி இருக்குன்னு மூடுனாங்க. லாடியம் ஆன்ட்டியோட அண்ணன் குடும்பம் இன்னும் டோங்காட்லதான். அந்த ஆடி மாசம் போரிட்ஜ் பிரேயருக்கு கூழ் காய்ச்ச பெரிய பெரிய ட்ரம்ல, பக்கின்னு சொல்ற பிக்கப் வண்டியில தண்ணி ஏத்திக்கிட்டு வந்தாங்களாம். கூழ் கொதிச்ச சோறு, பரவால்ல, ஆனா அதுல ஊத்துற மோர்? கைகழுவுற தண்ணி? பிரசாதம் வாங்க வர்றவங்க நூத்துக்கணக்குல. ஆன்ட்டி சொன்னாங்க, "எங்க அண்ணி அன்னிக்கு ஃபுல்லா ஜிக் பிளீச் பாட்டிலும் கையுமாத்தான் நின்னா கண்ணு, யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆத்தா காப்பாத்துனா." ஆத்தாளும் காப்பாத்துனா, அந்த அண்ணி போட்ட பிளீச்சும் காப்பாத்துச்சு.

ஹம்மன்ஸ்க்ராலுக்குத் திரும்புவோம். 2023 ஜூன் 8 ஜனாதிபதி ராமபோசா நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டாரு. மன்னிப்பை நான் சின்னதா நினைக்கல, ஆனா அன்னிக்கு அங்க நின்ன ஜனங்க கேட்ட கேள்வி எப்போ தண்ணி வரும்ங்கிறது ஒண்ணுதான். அதுக்கு நடந்த வேலை மகாலீஸ் வாட்டர்ங்கிற இன்னொரு அரசுத் தண்ணி நிறுவனத்தோட கிளிப்டிரிஃப்ட் பிளான்ட்ல. ரூய்வால் கழிவு விழுற தண்ணியை நம்பாம, அங்க ஒரு புது பேக்கேஜ் பிளான்ட், அதாவது தயார் நிலையில கொண்டுவந்து பொருத்துற பிளான்ட் கட்டி, ஒரு நாளைக்கு 12.5 மில்லியன் லிட்டர்னு நாலு பகுதியா மொத்தம் 50 மில்லியன் லிட்டர் குடுக்கத் திட்டம். 2024 கடைசி, 2025 ஆரம்பத்துலேர்ந்து கட்டம் கட்டமா சில பகுதிகளுக்கு குழாய்ல குடிக்கிற தண்ணி வர ஆரம்பிச்சுது. இது நல்ல வேலை, மனசார பாராட்டுறேன், அஞ்சு வருஷம் டேங்கர் வாசல்ல நின்ன ஒரு அம்மாவுக்கு வீட்டுக் குழாய்ல நல்ல தண்ணி வர்றது சாதாரண விஷயமா? ஆனா இது ரூய்வாலை சரி பண்ணல, சுத்திப் போயிருக்கு. அப்பிஸ் ஆறு இன்னும் அதே கழிவைச் சுமந்துக்கிட்டுத்தான் போகுது, ஆத்தோரத்துல மாடு தண்ணி குடிக்குது, பசங்க குளிக்குது, கீழ தோட்டம் இருக்கு. ரூய்வால் முழுசா சரியாகுற வரைக்கும் இந்த கேஸை மூடுனதா நான் ஒத்துக்க மாட்டேன்.

தண்டனை விஷயத்துலயும் ஒரு முடிச்சு இருக்கு. முனிசிபாலிட்டி மேல கேஸ் போட்டு ஃபைன் போட்டா அதை யாரு கட்டுறது? நாம கட்டுற வரியிலேர்ந்துதான், பாதிக்கப்பட்டவங்களும் சேத்துத்தான் கட்டுறாங்க. பம்ப் ரிப்பேருக்குப் போக வேண்டிய காசு ஃபைனுக்குப் போகும். அதனால முனிசிபல் மேனேஜரைத் தனிப்பட்ட முறையில பொறுப்பாக்கணும்னு தண்ணித் துறையிலயே பேச்சு நடந்துக்கிட்டு இருக்கு, அதுதான் சரின்னு எனக்கும் படுது. கையெழுத்துப் போடுறவருக்கு தன் மேல கேஸ் வரும்னு தெரிஞ்சா அந்த மாச ரிசல்ட்டை டிராயர்ல வச்சுப் பூட்ட மாட்டாரு.

இப்ப நம்ம கையில இருக்குறது. டேங்கர் தண்ணியோ சந்தேகமான தண்ணியோ இருந்தா 20-லேர்ந்து 25 லிட்டருக்கு வாசனை சேக்காத சாதா ஜிக் பிளீச் ஒரு டீஸ்பூன், கலக்கி மூடி வச்சு ரெண்டு மணி நேரமாவது விடுங்க, ராத்திரி போட்டுக் காலையில எடுத்தா இன்னும் நல்லது, இங்க சுகாதாரத்துறை சொல்ற அளவும் இதுதான். கைக்குழந்தை பாலுக்கு மட்டும் இதையோ கொதிக்க வச்சதையோ நம்பாதீங்க, நைட்ரேட் சந்தேகம் இருக்குற ஊர்னா பாட்டில் தண்ணிதான். பேதி அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி போச்சுன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, காலராவுல ஒரு ஆள் சில மணி நேரத்துல உடம்புத் தண்ணியெல்லாம் வத்திப் போயிருவாரு. கொதிச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணியில எட்டு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, வழியெல்லாம் அதைக் குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

உங்க ஊர்த் தண்ணி மேல சந்தேகம்னா முனிசிபாலிட்டிகிட்ட "தண்ணி நல்லா இருக்கா"ன்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. கடைசியா எடுத்த சாம்பிள்ல 100 மில்லிக்கு இ.கோலை எத்தனை, மிச்சக் குளோரின் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, எந்த இடத்துல எந்தத் தேதியில எடுத்ததுன்னு கேளுங்க. இ.கோலைக்கு பதில் பூஜ்யமா இருக்கணும், ஒண்ணு கூட கூடாது. நீங்களே டெஸ்ட் பண்ணணும்னா லேப்லேர்ந்து அவங்க குடுக்குற ஸ்டெரைல் பாட்டிலை வாங்குங்க, அதுல குளோரினை முறிக்கிற மருந்து கொஞ்சம் இருக்கும், கழுவிறாதீங்க. குழாய் வாயைத் தொடச்சு சுத்தம் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் தண்ணிய ஓட விட்டுட்டுப் புடிங்க, ஐஸ் பெட்டியில வச்சு அன்னிக்கே லேப்ல குடுத்துருங்க, ஒரு நாளைக்கு மேல வச்சா ரிசல்ட்டுக்கு மதிப்பில்ல. ரிசல்ட் மோசமா வந்தா முனிசிபாலிட்டிக்கு ஃபோன்ல சொல்லாம எழுத்துல அனுப்பி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிக்கோங்க, அதோட ஒரு காப்பியை தண்ணித் துறையோட மாகாண ஆபீசுக்கும் அனுப்பிருங்க.